கூடுதலாக ஒரு கால்

ஆகஸ்ட் 18, திங்கள்

'முள்வாங்கி' பதினாறாம் தேதி இதழ் கடைகளுக்குப் போய்விட்டது. பாளையங்கோட்டை பஸ் நிலையக் கடையில் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிட்டதாம். அட்டையில் வடமலைச்சேரித் தண்ணீர்த் தொட்டி. தொட்டியில் போட நகராட்சி வாங்கிய பிளீச்சிங் பவுடர் மூட்டைகளில் முக்கால்வாசி வெறும் சுண்ணாம்பு. ஆறு மாதமாக ஊரே அந்தத் தண்ணீரைக் குடித்திருக்கிறது. பதினான்கு பிள்ளைகளுக்கு மஞ்சள்காமாலை வந்து, ஒரு பிள்ளை இறந்தே போய்விட்டது.

நான்கு மாதம் அலைந்து எழுதியவர் பெருமாள் அண்ணாச்சி. ஆசிரியரும் அவர்தான், நிருபரும் அவர்தான், ஆள் வராத நாளில் பண்டல் தூக்குகிறவரும் அவர்தான். ஸெலின் கணினியில் பக்கம் கட்டுகிறாள். நான் மெய்ப்பு பார்க்கிறேன். மற்றவர்கள் புரூஃப் என்பார்கள். மெய் என்ற சொல் இருப்பதால் எனக்கு மெய்ப்பு என்று சொல்லத்தான் பிடிக்கும்.

பத்தொன்பது வருஷமாகப் பச்சை மை. சிவப்பு, பள்ளிக்கூட வாத்தியார்களுக்கு. ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று தடவை படிப்பது என் வழக்கம். என்னைத் தாண்டி ஒரு பிழை அச்சுக்குப் போனதாக இதுவரை யாரும் சொன்னதில்லை. இந்தத் தடவை ஒரே ஒரு வாசிப்புக்குத்தான் நேரம் இருந்தது. அன்று எங்கள் தெருவுக்குக் குழாய் வரும் முறை. மூன்று நாளைக்கு ஒரு தடவை வருகிற தண்ணீர், பிடிக்காவிட்டால் போய்விடும். ஆனாலும் பக்கங்கள் சுத்தமாக வந்திருக்கின்றன.

படித்த மெய்ப்புத் தாள்களை வழக்கம்போல வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் வீட்டுக்காரர் கட்டிப் பரணில் போட்டார்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

காலையில் நல்ல செய்தி. வடமலைச்சேரியில் பழைய மூட்டைகளை எல்லாம் அப்புறப்படுத்திவிட்டார்கள். மூட்டைகளைச் சோதித்திருக்க வேண்டிய நகராட்சிப் பொறியாளர்கள் இருவரையும் வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அங்கிருந்து ஒரு தாய் அலுவலகத்துக்குப் போன் செய்து அழுதாள். ஸெலின் எல்லாருக்கும் காராச்சேவு வாங்கிக்கொண்டு வந்தாள்.

பதினொரு மணிக்கு இன்னொரு செய்தி. கிடங்குக் காப்பாளர் தர்மக்கண் சஸ்பெண்ட். அண்ணாச்சி போனை வைத்துவிட்டு, இதழை எடுத்து, பன்னிரண்டாம் பக்கத்தைப் பிரித்தார். ஒரு வரியில் விரலை வைத்தார்.

"வடிவு, இங்க 'வாங்கினார்'னு இருக்கு. நான் 'வாங்கினர்'னுல்லா எழுதினேன்."

அந்த மூன்று வரியை இங்கே அப்படியே எழுதிவைக்கிறேன்: "பொறியாளர்கள் இருவரும் மூட்டைகளைப் பிரித்துப் பார்க்கக்கூட இல்லை. இது கிடங்குக் காப்பாளர் தர்மக்கண்ணுக்குத் தெரியும். மூட்டைக்கு இருநூறு ரூபாய் வாங்கினார்."

அந்தத் துணைக்கால் இல்லாவிட்டால் வாங்கியவர்கள் பொறியாளர்கள். கால் இருந்தால் வாங்கியவர் தர்மக்கண்.

"எழுத்துரு மாத்தும்போது கால் தானா மொளைக்கிறது உண்டு அண்ணாச்சி. கம்ப்யூட்டர் செய்யுத வேல" என்றேன்.

ஸெலின் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அப்படி வந்திருக்குமோ அண்ணாச்சி? அன்னைக்கு எனக்கு காய்ச்சல் வேற" என்றாள்.

"நீ பாத்த தாளு இருக்கா?" என்று அண்ணாச்சி என்னைக் கேட்டார்.

"பரண்ல கெடக்கும். முழங்கால் வலியில ஏற முடியல."

அவர் மறுபடி கேட்கவில்லை. டீ குடிக்கப் போனவர் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தார். கணினிதான். வேறென்ன.

செப்டம்பர் 2, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் வந்தது. தைலம் தேய்த்தேன். பரணில் ஏறவில்லை.

செப்டம்பர் 10, புதன்

ஒரே வாரத்தில் நான்கு வழக்கு. மூட்டை சப்ளை செய்த காண்டிராக்டர் குற்றாலிங்கம் மூன்று ஊர்க் கோர்ட்டுகளில் தனித்தனியாக அவதூறு வழக்குப் போட்டிருக்கிறார். ஜெயிப்பதற்காக இல்லை, நம்மைப் பஸ்ஸிலேயே வைத்திருப்பதற்காக. மூன்று ஊருக்கும் அண்ணாச்சி ஓடிக்கொண்டிருந்தால் அடுத்த இதழை யார் எழுதுவது? நல்ல கெட்டிக்காரர்.

நான்காவது வழக்கு தர்மக்கண் போட்டது.

வக்கீல் மீரான் வந்தார். மேலப்பாளையத்துக்காரர். அண்ணாச்சிக்கு முப்பது வருஷப் பழக்கம். முதல் மூன்றையும் ஓரமாகத் தள்ளிவிட்டார்.

"இதெல்லாம் நிக்காது. லேப் ரிப்போர்ட் இருக்கு, பில்லு இருக்கு. அந்த நாலாவதுதான் அண்ணாச்சி நம்மள முழுங்கும். தர்மக்கண் காசு வாங்குனதுக்கு ஒங்ககிட்ட என்ன ஆதாரம்?"

"ஒண்ணும் கெடையாது. அவரு வாங்கல."

"அப்ப இது ஒண்ணு பொய்யின்னு தீர்ப்பாகும். ஒண்ணு பொய்யின்னா மத்ததும் பொய்யின்னு குற்றாலிங்கம் சொல்லுவான். தர்மக்கண்ணுக்கு வக்கீல் ஏற்பாடு பண்ணிக் குடுத்ததே அவன்தானாம். ரெண்டு வருசம் வரைக்கும் தண்டனை உண்டு, பாத்துக்கிடுங்க."

"திருத்தம் போட்டுட்டா?"

"போட்டியள்னா குத்தத்த ஒத்துக்கிட்ட மாதிரி. நாலு கோர்ட்லயும் அதத் தூக்கிக் காட்டுவான். எழுத்து ஒண்ணு கூடிப்போச்சுன்னு நாம சொன்னா யாரு நம்புவா? வாயத் தொறக்காதிய."

நானும் அதையே சொன்னேன். வக்கீல் சொல்வதைக் கேட்பதுதான் நல்லது.

சம்மனைப் படித்தேன். ஒரே பக்கத்தில் பதினொரு பிழை. 'அவதூரு' என்று அடித்திருக்கிறார்கள். பச்சைப் பேனாவை எடுத்துத் திருத்தத் தொடங்கிவிட்டேன். மீரான் பாய்ந்து பிடுங்கினார். "அக்கா! இது கோர்ட் காயிதம்!"

செப்டம்பர் 24, புதன்

ஸெலின் ஒவ்வொரு காலாக எண்ணுகிறாள். பொய்யில்லை. திரையில் விரலை வைத்து, வரி வரியாக. எட்டுப் பக்கம் கட்டுகிற நேரத்தில் இரண்டு பக்கம்தான் முடிகிறது. இன்று இதழ் தாமதமாகிறதே என்று அண்ணாச்சி சத்தம்கூடப் போடவில்லை, மெதுவாகத்தான் கேட்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

வீட்டுக்கு வந்து வெண்டைக்காய் வதக்கினேன். உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன் போலிருக்கிறது. இவர் ஒன்றும் சொல்லாமல் மோர் ஊற்றிக்கொண்டார்.

அக்டோபர் 7, செவ்வாய்

வடமலைச்சேரிக் கோர்ட். அண்ணாச்சிக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, தனியாக விட வேண்டாம் என்று கூடப் போனேன்.

வராந்தாவில் உட்கார இடமில்லை. தூணோரம் ஒரு பெண் பக்கத்தில் இடம் விட்டாள். நாற்பது வயதிருக்கும், கையில் கோர்ட் காகித உறை. வெயிலில் நடந்து வந்தவள்போல மூச்சு வாங்கினாள். என் பாட்டிலைக் கொடுத்தேன். பாதியைக் குடித்துவிட்டுப் பேசத் தொடங்கினாள்.

"எங்க வீட்டுக்காரர் ஒத்த பைசா வாங்காத மனுசன்க்கா. புஸ்தகத்துல போட்டுட்டாவ. வழக்குப் போட மாட்டேன்னுதான் சொன்னாரு. ஆபீசு விசாரணையில என்ன கேட்டாவ தெரியுமா? பொய்யின்னா ஏன் கோர்ட்டுக்குப் போவல, அப்ப நெசந்தானன்னு கேட்டாவ. அப்புறம் என்ன செய்ய?"

நான் தலையாட்டினேன்.

"அவருகூடத் தாங்கிக்கிடுவாரு. எம்மவ ஒம்பதாப்பு படிக்கா. பள்ளிக்கூடத்துல அவள 'இருநூறு'ன்னு கூப்பிடுதாவளாம். வாத்தியாரு வருகை எடுக்கையில பின்னால இருந்து ஒருத்தன் 'இருநூறு உள்ளேன் ஐயா'ன்னானாம். நாலு நாளா பள்ளிக்கூடத்துக்குப் போவல." பாட்டிலைத் திருப்பித் தந்தாள். "நீங்க என்ன கேசுக்கு வந்திருக்கிய?"

"சும்மா, கூட வந்தேன்."

அவள் புருஷன் தர்மக்கண் சற்றுத் தள்ளி நின்றார். ஒல்லியான மனிதர், தோளில் பை, பைக்குள் எவர்சில்வர் டிபன் டப்பா. அவரும் அண்ணாச்சியும் ஐந்தடி தூரத்தில் நின்றும் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. பார்க்காமல் இருப்பதற்கு இருவரும் பாடுபட்டதுபோல இருந்தது. பத்து நிமிஷத்தில் வாய்தா கொடுத்துவிட்டார்கள். அடுத்த தேதி நவம்பர் 25.

திரும்பும் பஸ்ஸில் அண்ணாச்சி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வடிவு, இத ஒங்கிட்ட மட்டுந்தான் சொல்லுதேன். அந்தப் பவுடர லேபுக்குக் கொண்டாந்து தந்ததே தர்மக்கண்தான். அந்த டிபன் டப்பாவுல வச்சுக் கொண்டாந்தாரு. மூணு தடவ."

பாட்டிலை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"பின்ன எதுக்கு அவரு பேரப் போட்டிய?"

"அவருதான் போடச் சொன்னாரு. எல்லாரு பேரும் இருந்து என் பேரு மட்டும் இல்லன்னா கண்டுபிடிச்சிருவாங்கன்னாரு. தெரியும்னு மட்டும் போடுங்க, அது நெசந்தானேன்னாரு. இப்ப கோர்ட்ல போயி இவருதான் எங்களுக்குத் தகவல் தந்தவருன்னு நான் சொன்னா வழக்கு முடிஞ்சிரும். அவரு வேலையும் முடிஞ்சிரும். அதனால நான் சொல்ல மாட்டேன். உள்ள போனாலும் சொல்ல மாட்டேன்."

பாட்டிலில் அந்தப் பெண் மீதி வைத்த தண்ணீர் இருந்தது. எனக்குத் தொண்டை வறண்டது. குடிக்க மனம் வரவில்லை.

அக்டோபர் 8, புதன்

அலுவலகம் போகவில்லை. முழங்கால்.

அக்டோபர் 15, புதன்

ஸெலின் வேலையை விடுகிறாள். ராஜினாமாக் கடிதத்தை என்னிடம்தான் முதலில் காட்டினாள். "பிழை இருக்கா பாருங்கக்கா" என்றாள்.

ஒரு பிழையும் இல்லை. "என் கவனக்குறைவால் பத்திரிகைக்கும் ஓர் அப்பாவிக்கும் நேர்ந்த தீங்குக்கு" என்று ஒற்றெல்லாம் சரியாகப் போட்டு எழுதியிருந்தாள். எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது. 'ஓர் அப்பாவி' என்று எழுத இந்த ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தீபாவளி முடியட்டும், அப்புறம் கொடு என்று மட்டும் சொன்னேன். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

அக்டோபர் 18, சனி

இதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

தீபாவளிக்கு முறுக்கு சுட உட்கார்ந்தேன். முறுக்கு உரலை எடுக்க இவர் பரணில் ஏறினார். நான் அடுப்பில் எண்ணெயைக் காயவைத்துக்கொண்டிருந்தேன். முதல் ஈடு எடுத்தபோது, எண்ணெய் வடியத் தாம்பாளத்தில் தாள் விரித்து வைத்திருந்தார். மடமடவென்று முறுக்கை அதில் கொட்டினேன். இரண்டாவது ஈட்டுக்கு இடம் வேண்டுமென்று முறுக்கை ஒதுக்கினேன். தாளில் பச்சை மை தெரிந்தது.

பன்னிரண்டாம் பக்கம்.

எண்ணெய் ஊறித் தாள் கண்ணாடிபோல ஆகியிருந்தது. 'வாங்கினர்' என்று அச்சில் இருந்தது. அண்ணாச்சி எழுதியபடியே, ஸெலின் அடித்தபடியே, சரியாக இருந்தது. 'ன'வுக்கும் 'ர்'க்கும் நடுவில் பச்சையில் ஒரு கால். ஓரத்திலும் ஒரு கால், வட்டம் போட்டு. என் கால். நுனியை இப்படி உள்ளே வளைத்து வேறு யாரும் போட மாட்டார்கள்.

எனக்கு அது தெரியாது என்று இந்த நோட்டில் எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறேன்? கணினியாம். எழுத்துருவாம். அண்ணாச்சி அந்தப் பக்கத்தை நீட்டிய நிமிஷத்திலேயே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. குழாய்க்குப் போகிற அவசரத்தில், முந்தின வரியில் தர்மக்கண் என்ற ஒற்றைப் பெயரைப் பார்த்து, அடடா கால் விட்டுப்போயிருக்கிறதே என்று போட்டேன். போட்டுவிட்டு, நல்ல வேளை என் கண்ணில் பட்டது என்று சந்தோஷமும் பட்டேன். அந்தச் சந்தோஷம்கூட ஞாபகம் இருக்கிறது.

"ஏ, எண்ணெ பொகையுது" என்றார் இவர்.

அடுப்பை அணைத்தேன். அழுதுவிட்டேன். இவர் முறுக்கை ஒவ்வொன்றாக எடுத்து வேறு தட்டில் வைத்துவிட்டு, தாளைத் துணியால் ஒற்றி ஜன்னலோரம் காயப்போட்டார். கட்டிவைத்த தாள்களில் ஏதோ ஒன்றுதான் கையில் வந்தது என்றார். நம்பவா வேண்டாமா என்று தெரியவில்லை. மனிதர் மின்வாரியத்தில் முப்பது வருஷம் எந்தக் கம்பியில் பழுது என்று தேடியவர்.

அக்டோபர் 19, ஞாயிறு

காலை ஆராதனை முடிந்து வருகிற நேரம் பார்த்து ஸெலின் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா காபி கொடுத்தார். தாளை அவள் கையில் கொடுத்தேன்.

அவள் பார்த்தாள். எண்ணெய்க் கறையைத் தடவினாள்.

"ரெண்டு மாசம் அக்கா" என்றாள். "ரெண்டு மாசமா நான் கண்ண மூடுனா கால் கால்னு வருது."

"தப்பு எம்மேலதான்."

"அது எனக்கு இப்பத் தெரியுது. ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

உண்மையைச் சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அவள் அப்பாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "புதன்கெழம ஆபீசுக்கு வாறேன். அண்ணாச்சிகிட்ட நீங்க சொல்லுதத நான் கேக்கணும்" என்றாள். நியாயம்தான்.

அக்டோபர் 22, புதன்

சொல்லிவிட்டேன். ஸெலின் நின்றாள், மீரானும் இருந்தார்.

"எனக்குத் தெரியும் வடிவு" என்றார் அண்ணாச்சி. "ஸெலின் தானா ஒரு எழுத்தத் தொட மாட்டா. நீ போட்டுக் குடுத்தாத்தான் மாத்துவா."

"பின்ன ஏன் கேக்கல?"

"கேட்டு, நீ இல்லன்னு சாதிச்சிட்டேன்னா? அதுக்கப்புறம் ஒங்கிட்ட நான் எப்படிப் பக்கத்தக் குடுக்க?" பிறகு ஸெலினைப் பார்த்தார். "ஆனா அதுக்கு இந்தப் பிள்ள அழுதா. அது என் தப்பு. எழுவாய விட்டுட்டு எழுதுனதும் என் தப்பு."

எழுவாயை விழுங்காதீர்கள் என்று பத்தொன்பது வருஷமாகச் சொல்கிறேன். இன்று அதைச் சொல்ல எனக்கு வாயில்லை.

திருத்தம் போட வேண்டும் என்றேன். மீரான் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அக்கா, ஒங்களையும் ரெண்டாவது எதிரியாச் சேப்பாங்க. இந்த வயசுல குத்தவாளிக் கூண்டுல நிப்பியளா?"

"நிப்பேன். தர்மக்கண் மவ 'இருநூறு'ங்கற பேரோட வகுப்புல ஒக்காந்திருக்குல்லா."

மீரான் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் மெல்ல மாறியது. "எழுதுனது 'வாங்கினர்'. அது இதுலயே இருக்கு. கெட்ட எண்ணம் இல்லன்னு காட்டலாம். தகவல் தந்தது யாருன்னும் சொல்ல வேண்டாம். ஆனா நீங்க வந்து சொன்னாத்தான் இந்தத் தாளுக்கு மதிப்பு. எறங்குனா மொத்தமா எறங்கணும்க்கா."

கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போடலாம் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பிழை பன்னிரண்டாம் பக்கத்தில் என்றால் திருத்தமும் பன்னிரண்டாம் பக்கத்தில், அதே அளவு எழுத்தில்.

திருத்தத்தை நானே எழுதினேன். "மெய்ப்பில் கூடுதலாக ஒரு கால் விழுந்துவிட்டது" என்று முடித்திருந்தேன். ஸெலினை மெய்ப்பு பார்க்கச் சொன்னேன். என் பச்சைப் பேனாவைக் கேட்டு வாங்கி, 'விழுந்துவிட்டது' என்பதைச் சுற்றி வட்டம் போட்டாள்.

"விழுந்ததாக்கா, போட்டதா?"

அண்ணாச்சி ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். நான் அடித்துவிட்டுத் திருப்பி எழுதினேன்.

வீட்டில் இவரிடம் இரண்டு வருஷம்வரை தண்டனை என்றேன். "முறுக்கு கொண்டாந்து தாறேன்" என்று சொல்லிவிட்டுக் குழாயைப் பார்க்கப் போனார். கொஞ்சம் கழித்து எட்டிப் பார்த்தேன். தண்ணீர் வராத குழாயடியில் சும்மா நின்றுகொண்டிருந்தார்.

நவம்பர் 1, சனி

இதழ் வந்துவிட்டது. பன்னிரண்டாம் பக்கம்:

"திருத்தம். ஆகஸ்ட் 16 இதழில் இதே பக்கத்தில் 'மூட்டைக்கு இருநூறு ரூபாய் வாங்கினார்' என்று வெளியானது தவறு. 'வாங்கினர்' என்றிருக்க வேண்டும். வாங்கியவர்கள் பொறியாளர்கள் இருவர். கிடங்குக் காப்பாளர் தர்மக்கண் ஒரு ரூபாயும் வாங்கவில்லை. சரியாக இருந்த சொல்லில் ஒரு காலைக் கூடுதலாகப் போட்டது மெய்ப்பு பார்த்த நான். அவரிடமும் அவர் குடும்பத்தாரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். செண்பகவடிவு."

மூன்று தடவை படித்தேன். ஸெலின் நான்கு தடவை. ராஜினாமாக் கடிதம் இன்னும் அவள் மேஜை இழுப்பறையில்தான் இருக்கிறது. கிழிக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.

நவம்பர் 9, ஞாயிறு

பச்சை மையை மாற்றலாமா என்று யோசித்தேன். மாற்றவில்லை.

நவம்பர் 25, செவ்வாய்

மீரான் தாளையும் திருத்தம் வந்த இதழையும் தாக்கல் செய்தார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, இது வழக்குக்காக ஜோடித்த தாள் என்றார். "பழசா காட்டுறதுக்கு எண்ணெயெல்லாம் தடவியிருக்காங்க, பாருங்கய்யா."

மாஜிஸ்ட்ரேட் என்னை முன்னால் வரச் சொன்னார். அவருக்கு என் மகன் வயதுதான் இருக்கும்.

"ஏம்மா இவ்வளவு எண்ணெய்?"

"முறுக்கு வடியப் போட்டதுங்கய்யா."

கோர்ட்டே சிரித்தது. "இந்தக் காலை ஏன் போட்டீங்க?" என்றார் அடுத்து. அவர் சிரிக்கவில்லை.

"ஒரு ஆளுன்னு நெனச்சிட்டேன்யா. மூணு தடவ படிப்பேன். அன்னைக்கு ஒரு தடவதான் படிச்சேன். குழாயில தண்ணி வர்ற நேரம்."

"உங்களையும் இந்த வழக்குல சேக்கலாம், தெரியுமா?"

"தெரியும்யா. தெரிஞ்சுதான் வந்தேன்."

அவர் இரண்டு இதழ்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு தர்மக்கண்ணைக் கூப்பிட்டார். குற்றாலிங்கம் ஏற்பாடு செய்த வக்கீல் அவர் காதில் அவசரமாக ஏதோ சொன்னார். தர்மக்கண் அவரைக் கையால் மெதுவாக விலக்கினார்.

"புகார வாபஸ் வாங்கிக்கிடுதேன்யா."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"என் பேரு திரும்பி வந்துட்டுய்யா. வேற ஒண்ணும் வேண்டாம்."

அப்போதும் அவர் அண்ணாச்சியைப் பார்க்கவில்லை. அண்ணாச்சி குனிந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வராந்தாவில் அவர் மனைவி என் எதிரே வந்து நின்றாள்.

"அன்னைக்கு தண்ணி குடுத்திய."

"ஆமாம்மா."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா."

அவள் நாலடி போய்த் திரும்பினாள். "எம்மவ அந்தப் புஸ்தகத்தப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போயிருக்கா. தமிழ் வாத்தியார் வகுப்புல வாசிச்சாராம்." அவ்வளவுதான் சொன்னாள். போய்விட்டாள்.

டிசம்பர் 18, வியாழன்

தர்மக்கண்ணை மறுபடி வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அதே கிடங்கு. காண்டிராக்டரின் மூன்று வழக்குகளும் அப்படியே இருக்கின்றன. அண்ணாச்சி நாளைக்கு ஒரு ஊர், திங்கட்கிழமை இன்னொரு ஊர். மீரான் சொன்னபடியே திருத்தத்தை மூன்று கோர்ட்டிலும் தூக்கிக் காட்டுகிறார்கள். காட்டட்டும். பிழையில்லாமல் அச்சாகியிருக்கிறது.

ஸெலின் இப்போது கால்களை எண்ணுவதில்லை. என் தாள்களை வாங்கும்போது மட்டும், "மூணு தடவையாக்கா?" என்று கேட்கிறாள். கேட்கட்டும். அவளுக்கு அந்த உரிமை உண்டு.

ஜனவரி 29, வியாழன்

காலையில் நான்தான் அலுவலகத்தைத் திறந்தேன். வாசல்படியில் ஒரு எவர்சில்வர் டிபன் டப்பா இருந்தது. யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனதாக நினைத்துத் தூக்கினேன். கனத்தது. மூடியைத் திறந்தேன். உள்ளே வெள்ளைப் பொடி. கிள்ளி மோந்து பார்த்தேன். பிளீச்சிங் வாடையே இல்லை.

பொடிக்கு மேல் பிளாஸ்டிக் உறையில் மடித்த சீட்டு. பென்சிலில், கையெழுத்து இல்லாமல்:

"புது லோடு. நேற்று இறங்கியது. இந்த தடவை காலை பார்த்து வைக்கவும்."

அண்ணாச்சியும் ஸெலினும் வரும்வரை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. 'இந்தத் தடவை' என்றிருக்க வேண்டும். 'காலைப் பார்த்து' என்றிருக்க வேண்டும். இரண்டு ஒற்று விட்டுப்போயிருந்தது. பழக்கதோஷத்தில் பச்சைப் பேனாவை எடுத்து மூடியைத் திறந்துவிட்டேன்.

திருத்தவில்லை.